தண்ணீர் விடாத சக்கரம்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை பார்த்த காலமெல்லாம் அவளை எல்லோரும் லென்ஸக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முன்னால் நின்று வாடிக்கையாளர் மூக்கில் பிரேமை மாட்டிக் காட்டுகிறவர்களுக்குச் சட்டையில் பெயர் அட்டை உண்டு. பின்னால் உட்கார்ந்து லென்ஸின் ஓரத்தைத் தேய்க்கிறவளுக்கு அது தேவைப்படவில்லை. ஒரு மயிரிழை கூடுதலாகத் தேய்த்தால் லென்ஸ் பிரேமுக்குள் லொடலொடக்கும். குறைவாகத் தேய்த்தால் உள்ளேயே போகாது. "மூக்கு மேல உக்கார்ற சாமான். நம்ம கை கோணினா அவங்களுக்கு ஊரே கோணலாத் தெரியும்" என்பாள்.

பிறகு கடைக்கு ஒரு கம்ப்யூட்டர் மெஷின் வந்தது. லென்ஸை ஒரு பக்கம் வைத்தால் மறுபக்கம் வெட்டித் துப்பியது. லென்ஸக்காவுக்குக் கேக் வெட்டி, கைதட்டி, வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள்.

வீட்டில் அவளும் கணவரும் மட்டும்தான். அவர் ஒயர்மேன், புதுக் கட்டிடங்களுக்கு ஒயர் இழுப்பவர். அவர் காலையில் கிளம்பிப் போனால் இருட்டும்போதுதான் திரும்புவார். பிள்ளைகள் இல்லாத அந்த இரண்டாம் மாடி வீட்டில் பெருக்கியதையே பெருக்கி, துடைத்ததையே துடைத்து, அவளுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. ஒருநாள் மீன்தொட்டிக் கடை வாசலில், தொட்டிக்குள் போடுவதற்காகக் கூடையில் கொட்டி வைத்திருந்த கற்களைக் கிளறிக்கொண்டு நின்றாள். அதில் ஒன்று அழுக்குப் பனிக்கட்டி மாதிரி இருந்தது. படிகம். வீட்டுக்குக் கொண்டுவந்து உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்தாள். சாயங்காலத்துக்குள் ஒரு பக்கம் சன்னலாகத் திறந்துகொண்டது. அதன் வழியே பார்த்தபோது உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் வெளிச்சம்.

அவர் வந்ததும் காட்டினாள். தனக்கு ஒரு சுத்துற தட்டு வேண்டும், கல்லைச் சாய்த்துப் பிடிக்க ஒரு கை வேண்டும் என்றாள். அவர் கல்லை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "கல்யாணத்துல நகை கேக்காதவ, இப்ப நீயே செஞ்சுக்கலாம்னு பாக்குறியா?" என்று சிரித்தார்.

ஆனால் செய்து கொடுத்துவிட்டார். செத்துப்போன வாஷிங் மெஷினின் மோட்டாரைக் கழற்றினார். தட்டு ஒன்றைப் பட்டறையில் கடைந்து வாங்கினார். கோணம் பார்க்கப் பள்ளிக்கூட ஜியாமெட்ரி பாக்ஸ் ஒன்று வாங்கி, பாகைமானியை எடுத்துத் திருகினார். மேலே ஒரு டப்பா, அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். கல்லை அரக்கு வைத்துக் குச்சியில் ஒட்டி, அந்தக் கையில் மாட்டி, தட்டில் இறக்க வேண்டும். ஒரு பட்டை ஆனதும் குச்சியைக் கொஞ்சம் திருப்பி அடுத்தது. எல்லாப் பட்டைகளின் விளிம்பும் கடைசியில் ஒரே புள்ளியில் போய் முட்ட வேண்டும். முட்டாவிட்டால் கல் கல்லாகவே இருக்கும். முட்டினால் எங்கிருந்தோ ஒரு விளக்கு அதற்குள் ஏறிக்கொள்ளும்.

முதல் சில கற்கள் பாழாயின. அப்புறம் ஒன்று முட்டியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அடுப்பில் பால் பொங்கியதைக்கூடப் பார்க்கவில்லை.

இதைப் பிழைப்பாக்கியது நாத்தனார். இரண்டு தெரு தள்ளி இருந்தாள். காலையில் வாயைத் திறந்தால் தூங்கும்போதுதான் மூடுவாள் என்பதால் அண்ணனே அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருந்தார். ரேடியோ அந்தக் கல்லையும் அதற்கு ஜோடியாகத் தீட்டிய இன்னொன்றையும் தோட்டில் பதித்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனாள். மறுநாளே இரண்டு பேர் கேட்டார்களாம். போனில் படம் எடுத்துப் போட்டாள். முகம் தெரியாதவர்களெல்லாம் கேட்டார்கள். ஊதாச் செவ்வந்திக்கல் வேண்டும், புகை நிறத்தில் வேண்டும், மோதிரத்துக்கு, பேரன் பிறந்ததற்கு. "அண்ணி, நீங்க தீட்டுங்க. பேசுறதுக்கு நான் இருக்கேன்" என்றாள். அது உண்மைதான். லென்ஸக்கா வாடிக்கையாளர் ஒருவரிடமும் பேசவே வேண்டியிருக்கவில்லை.

சமையலறையை அடுத்த சாமான் அறை பட்டறையாயிற்று. ஆர்டர் கூடக்கூட ஒரு சங்கடம் தெரிந்தது. பட்டை வைப்பதைவிட, முரட்டுக் கல்லை முதலில் உருட்டி உருவத்துக்குக் கொண்டுவருவதில்தான் பாதி நாள் போயிற்று. அதற்கென்று அவர் பெரிய மோட்டாரில் ஒரு சாணைச் சக்கரம் பூட்டிக் கொடுத்தார். இதற்கும் ஒரு தண்ணீர் டப்பா வைத்துவிடுங்கள் என்று அவள் கேட்கத்தான் செய்தாள். அவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். ஈரத்தரையில் நின்று மெஷினைத் தொட்ட ஒருவனை அவர் கண்ணெதிரே கரண்ட் தூக்கி வீசியிருக்கிறது. சின்ன மோட்டாரை மூடி போட்டு மறைத்திருந்தார். இதை மறைக்க முடியாது. "தண்ணியும் கரண்டும் ஒரே மேஜையில உக்காரக் கூடாது. உனக்கு ஒண்ணுன்னா நான் என்ன பண்ணுவேன்?" என்றார். பெண்டாட்டி மேல் இத்தனை அக்கறையாகச் சொல்லும் ஒருவரிடம் என்ன பேசுவது?

சக்கரம் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி சண்டைக்கு வந்தாள். சன்னலைச் சாத்தினார்கள். கதவிடுக்கில் பழைய மெத்தையை வைத்து அடைத்தார்கள். உள்ளே கல்மாவு பறந்தது. அலமாரி, பல்பு, அவள் புருவம், எல்லாம் வெள்ளை. வெளியே வந்து கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பாள். மாவுதானே, துடைத்தால் போயிற்று.

சாயங்காலம் அவர் வேலையிலிருந்து வந்ததும் டீயைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே அந்த அறைக்குத்தான் வருவார். நீ தள்ளு, கொஞ்ச நேரம் நான் உருட்டுகிறேன் என்று சாணையில் உட்கார்ந்துகொள்வார். அவள் பட்டை வைப்பாள். இரைச்சலில் பேசினால் காதில் விழாது; அதனால் பேசமாட்டார்கள். அப்படியே ஏழெட்டு வருடம் போயிற்று. தன் வாழ்நாளில் நன்றாக இருந்த காலம் எது என்று யாராவது கேட்டிருந்தால் அவள் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

அவளுக்கு இருமல் சளியோடு வந்தது; சளி போயிற்று, இருமல் போகவில்லை. தெருமுனை டாக்டர் அலர்ஜி என்றார். அவரே பிறகு காசநோயாக இருக்கலாம் என்று மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தார். அவள் இளைத்தாள். இரண்டு மாடி ஏறுவதற்குள் நாலு இடத்தில் நின்றாள். கடைசியில் ரேடியோதான் அடம்பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

நெஞ்சு டாக்டர் சின்ன வயதுப் பெண். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டி வெகுநேரம் பார்த்தார். மணல் தெளித்த மாதிரி இருந்தது படம். வீட்டில் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார்.

"கல்லுக்குப் பட்டை தீட்டுறா டாக்டர். மெஷினெல்லாம் நானே செஞ்சு குடுத்தது" என்றார் கணவர். அந்த நேரத்திலும் குரலில் ஒரு பெருமை இருந்தது.

"தண்ணி விட்டுத்தானே அரைப்பீங்க?"

ரேடியோ அண்ணனைப் பார்த்தாள். லென்ஸக்கா தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் எதையும் ஒளிக்கவில்லை. தண்ணீர் விடாமல் அரைத்தால் பறக்கும் படிகத் தூள் கண்ணுக்குத் தெரியாத அளவில் உள்ளே போய்ப் படிந்துவிடும், கரையாது, வெளியேயும் வராது, சுற்றிலும் நுரையீரல் காய்ப்புக் காய்த்துப் போகும் என்றார். மருந்து என்று ஒன்று இல்லை. மூச்சுக்கு உதவி செய்யலாம். இனிமேல் தூசியே படாவிட்டாலும் உள்ளே போனது தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். சில நாள் ஆஸ்பத்திரியில் இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

அவள் படுக்கையிலிருந்த அந்த நாட்களில், கணவர் வந்து வந்து போனார். வந்தாலும் முகத்தைப் பார்க்கமாட்டார். ஆக்சிஜன் குழாயை, சுவிட்சை, பிளக் சரியாகச் செருகியிருக்கிறதா என்று பார்ப்பார்.

வீடு திரும்பியபோது சாமான் அறையில் ஒன்றுமே இல்லை. சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு. சன்னல் அகலத் திறந்திருந்தது. அதன் கீழே ஒரு கட்டில், புதுப் போர்வை. அவர் வாசலிலேயே நின்றார். காற்று நன்றாக வருகிறது, இனி நீ இங்கேயே படுத்துக்கொள்ளலாம் என்று சொன்னார்.

"மெஷின்?"

"உடைச்சுட்டேன். இரும்புக் கடைக்குப் போட்டாச்சு."

"கல்லு?"

"ஆத்துல போட்டுட்டேன்."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "அதுல பாதி தீட்டினது இருந்துச்சு" என்றாள். "என்னைக் கேட்டிருக்கலாம்."

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்ப."

"ஆமா. சொல்லியிருப்பேன்."

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு அற்றுப்போயிற்று. அவர் சமைத்தார், துவைத்தார், மாத்திரையைக் கையில் கொடுத்துத் தண்ணீரை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். ரேடியோ வந்து இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து உலகத்துக் கதையெல்லாம் பேசிப் பார்த்தாள். கடைசியில் அவளுக்கே வாய் வலித்தது. கல்லோடு கல்லாக இரண்டு பேரும் ஆகிவிட்டீர்கள் என்று அழுதுவிட்டுப் போனாள்.

லென்ஸக்காவுக்குச் சக்கரத்தின் மேல் கோபம் இல்லை. அதில் தண்ணீர் இல்லாமல் போனதன் மேலும் இல்லை; அவர் எதற்குப் பயந்து அப்படிச் செய்தார் என்று அவளுக்குத் தெரியும். உயிர் இன்னும் கொஞ்ச நாள்தான் என்றான பிறகு, அந்தக் கொஞ்ச நாளில் செய்வதற்கு என்று இருந்த ஒரே வேலையை, தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சுத்தம் செய்து சுண்ணாம்பு அடித்துவிட்டாரே என்பதுதான் ஆறவில்லை. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை வாங்கும்போது சொன்னாள்.

"நீங்க குடுத்தது எதையும் நான் வேணாம்னு சொன்னதில்ல. இதை மட்டும் குடுத்துட்டு, நீங்களே எடுத்துக்கிட்டீங்க."

"நான்தான் உன்னை…" என்று ஆரம்பித்தார்.

"அதை முடிக்காதீங்க" என்றாள்.

அடுத்த வாரம் அவர் பால்கனியில் வேலை ஆரம்பித்தார். கார் கண்ணாடியைத் துடைக்கும் சின்ன மோட்டார் ஒன்று வாங்கி வந்தார். அது பேட்டரியில் ஓடுவது, கையை வைத்தாலும் ஒன்றும் செய்யாது. தட்டு வைத்தார், பாகைமானி வைத்தார், தண்ணீர்க் குழாயே இழுத்துவிட்டார். பெரிய அரைப்புக்கும் அதே ஏற்பாட்டில் இன்னொரு சக்கரம். எல்லாம் நனைந்தபடி சுற்றியது; ஒரு பொட்டுத் தூசி எழவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே நின்றவர், "இவ்வளவுதானா" என்று தனக்குள் சொன்னார். பக்கத்தில் நாற்காலியில் இருந்த அவள் காதில் அது விழுந்தது. விழாதது மாதிரி இருந்துகொண்டாள்.

ரேடியோ செவ்வந்திக்கல் ஒன்று கொண்டுவந்தாள். நல்ல கல். லென்ஸக்கா நாள் ஒன்றுக்குக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து தேய்த்தாள். கீழ்ப்பக்கம் முடிந்தது. கை எதையும் மறக்கவில்லை என்று அவளுக்கே ஆச்சரியம். அவர் பின்னால் நின்று தண்ணீரைக் கூட்டிக் குறைத்தார். அந்த ஒரு வாரம் இருவரும் பழையபடி பேசிக்கொள்ளாமல் இருந்தார்கள்; இது வேறு மௌனம்.

மேல்பக்கத்தின் கடைசிப் பட்டைகளை வைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் கை அசையாது. அவள் மூச்சைப் பிடித்தாள். நெஞ்சு அதற்கு இடம் கொடுக்கவில்லை. இருமல் கிளம்பி உடம்பையே உலுக்கியது. கல் தட்டில் ஆழமாக இறங்கி, ஒரு பட்டை பக்கத்துப் பட்டையைத் தின்றுவிட்டது. சரிசெய்ய வேண்டுமானால் எல்லாவற்றையும் முதலிலிருந்து இறக்க வேண்டும். இறக்கினாள். மறுபடி அதே இடத்தில் அதே இருமல். கல் பாதியாயிற்று. மூன்றாவது தடவை அவள் முயலவில்லை. அவளே கையை நீட்டி மோட்டாரை நிறுத்தினாள்.

"அப்புறம் பாக்கலாம்" என்றார் அவர்.

"ம்" என்றாள். அப்புறம் என்று ஒன்று இல்லை என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. அவர் மெஷின் மேல் ஒரு பாலிதீன் உறையைப் போர்த்தி வைத்தார்.

அதற்கப்புறம்தான் ஒரு காலையில் அவள் அதைக் கவனித்தாள். அவர் குளியலறைக்குள் போய்க் குழாயை முழுக்கத் திறந்துவிட்டார். வாளி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது, ஆனாலும் நிறுத்தவில்லை. தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம் இருந்தது. துண்டை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு இருமுகிற சத்தம். அவளுக்கு அந்த இருமல் நன்றாகத் தெரியும். அது அவளுடைய இருமல். வெளியே வந்தவர் முகம் துடைத்துக்கொண்டே டீ போடட்டுமா என்றார்.

"எத்தனை நாளா?"

"என்ன எத்தனை நாளா?"

"நாளைக்கு எனக்கு ஆஸ்பத்திரி போகணும்ல. நீங்களும் ஒரு படம் எடுத்துக்குங்க."

"எனக்கென்ன கேடு? குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்."

"எடுத்துக்குங்க" என்றாள்.

எடுத்தார்கள். நெஞ்சு டாக்டர் படத்தை மாட்டினார். எதுவும் கேட்காமல் நாற்காலியில் உட்கார்ந்து பேனாவை மூடி வைத்தார். உங்களுக்கு இப்போதைக்கு உங்கள் மனைவி அளவுக்கு இல்லை என்று சொன்னார். அந்த 'இப்போதைக்கு' என்ற சொல்லை டாக்டர் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

பஸ்ஸில் சன்னலோரத்தை அவளுக்கு விட்டார். நீங்கள் உட்காருங்கள் என்றாள் அவள். வேண்டாம் என்றார். யாரும் உட்காராமல் கொஞ்ச நேரம் நின்றார்கள்; பிறகு அவளே உட்கார்ந்தாள். ரேடியோவிடம் இப்போது சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டார்கள். சொன்னால் தாங்கமாட்டாள். இன்று வரை அண்ணன் செய்து கொடுத்த மெஷினில் தீட்டிய கல்தான் அவள் காதில் இருக்கிறது.

முதல் மாடி திரும்பும் இடத்தில் அவள் நின்றாள். வழக்கமாகக் கையைப் பிடித்து ஏற்றிவிடுகிறவர், அன்று தானும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மருந்துப் பையைப் படியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேல் மாடிக்காரர் காய்கறிப் பையோடு ஏறி வந்தவர், வழிவிடச் சொல்லத் தயங்கி நின்றார். என்ன இங்கேயே உட்கார்ந்துவிட்டீர்கள் என்று விசாரித்தார்.

"சும்மாதான்" என்றார் அவர், காலை ஒதுக்கிக்கொண்டு. "நீங்க போங்க. நாங்க மெதுவா வர்றோம்."