வாத்தியாரை ‘வாடி’ என்றவன்

என் அண்ணன் மிஹ்ரான், அரபி இலக்கணம் சொல்லிக்கொடுக்கிற ஒரு பெரிய வாத்தியாரைப் பார்த்து “வாடி என் தங்கமே” என்று சொல்லிவிட்டான். வந்த வினை எல்லாம் அந்த வாயால் வந்ததுதான்.

எங்கள் ஆர்மீனிய மொழியில் ஆண், பெண் பேதமே கிடையாது. அவன், அவள் இரண்டுக்கும் ஒரே சொல். அரபி அப்படியில்லை. எதிரில் நிற்பது ஆணா பெண்ணா என்று பார்த்துக்கொண்டுதான் ‘வா’ என்றுகூடச் சொல்ல முடியும். தமிழில் வரும் டா, டி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்மீனிய அகதிகள் குடியேறிய எங்கள் புர்ஜ் ஹம்மூத் பேட்டையில் பழைய ஆட்கள் எல்லாருமே இதில் கோட்டை விடுவார்கள். ஆனால் மற்றவர்கள் ஒரு நேரம் சரியாகவும் ஒரு நேரம் தப்பாகவும் சொல்வார்கள். என் அண்ணன் அப்படிப்பட்ட ஆள் இல்லை. ஆண் என்றால் டி, பெண் என்றால் டா. போலீஸ்காரனுக்கு டி, கன்னியாஸ்திரிக்கு டா. ஒரு நாளும் மாறியதில்லை.

அவனுக்குப் பாஸ்துர்மா கடை. மாட்டிறைச்சியில் வெந்தயம், பூண்டு, மிளகாய் எல்லாம் அரைத்து அப்பிக் காயவைத்து, கண்ணாடி மாதிரி மெல்லிசாகச் சீவித் தருவான். அந்தக் கடைக்குள் போய் வந்தவனை வீட்டில் யாரும் ‘எங்கே போயிருந்தாய்’ என்று கேட்கத் தேவையில்லை. பெண்டாட்டி செத்த பிறகு அவனுக்கு அந்தக் கடையும் வாயும்தான் துணை. வாய் ஓயவே ஓயாது. தப்பும் தவறுமாக அரபியைக் கொட்டுவான். ஊருக்கே புரியும், ஊரே சிரிக்கும், ஊரே வாங்கிக்கொண்டு போகும்.

சனிக்கிழமைகளில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அஷ்ரஃபியாவிலிருந்து நஜ்லா வருவாள். அவளும் புருஷனை இழந்தவள். “என்னடா கண்ணா, காரம் கொஞ்சம் தூக்கலா இருக்கட்டுமா?” என்பான் அண்ணன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். வெள்ளிக்கிழமை சாயங்காலமே அண்ணன் முகச்சவரம் செய்துகொள்ள ஆரம்பித்தபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது.

ஒரு சனிக்கிழமை அவள் தன் அண்ணனையும் அழைத்து வந்தாள். அவர்தான் அனீஸ் வாத்தியார். பாதிரியார் பிரசங்கத்திலேயே பிழை பிடிக்கிறவர். அவர் வாசலில் நின்றதும் என் அண்ணன் கத்தியை உயர்த்திப் பிடித்தபடி சந்தோஷமாக வரவேற்றான்.

“வாடி, வாடி என் தங்கமே! ஏன்டி வெயில்ல நிக்கிற? உள்ள வந்து உட்காருடி!”

வாத்தியார் தனக்குப் பின்னால் யாராவது பெண் நிற்கிறாளா என்று திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. அப்படியே படியிறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் நஜ்லா என்னைத் தேடி வந்தாள்.

“ஈஸ்டர் கழிஞ்சு வர்ற ஞாயித்துக்கிழமை உங்க எல்லாரையும் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கார், சிரானுஷ். உங்க அண்ணன் நாலு வார்த்தை ஒழுங்காப் பேசினா சம்மதமாம். இல்லேன்னா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாதுன்னுட்டார்.”

“நாப்பது வயசுல அவர்கிட்ட எதுக்குடி கேக்கணும்?”

“என்னைத் தூக்கி வளர்த்தவர். அவர் மனசு நோக நான் வாசப்படி தாண்ட மாட்டேன்.” கிளம்பும்போது, “உங்க அண்ணன் பேசினா ரேடியோவுல பாட்டு கேக்கற மாதிரியே இருக்கும்,” என்றாள்.

கிண்டல் பண்ணுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க.

அன்று சாயங்காலமே பாடம் ஆரம்பித்தது. எனக்கு அரபி தானாக வந்தது. நாங்கள் வடக்கேயிருந்து ஓடிவந்தபோது எனக்கு நாலு வயது. குழாயடியில் அரபிப் பிள்ளைகளோடு குடுமிப்பிடி சண்டை போட்டே கற்றுக்கொண்டேன். அண்ணனுக்கு அப்போது மீசை அரும்பிவிட்டது. கூட்டாளிகள், பாதிரியார், வைத்தியர், ரொட்டிக்கடை எல்லாமே ஆர்மீனியர்தான். அரபி அவனுக்குக் கடை போட்ட பிறகு தொற்றிக்கொண்டது.

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையவா போகுது,” என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

“ஐம்பதுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கில்ல?” என்றான்.

சரி, மீசை இருந்தால் டா, இல்லாவிட்டால் டி என்று ஒரு சுலப வழி சொல்லிக்கொடுத்தேன். மறுநாள் மழமழவென்று சவரம் செய்த தபால்காரருக்கு டி விழுந்தது. ரொட்டிக்கடை அம்மாள் மட்டும் பழையபடி டாவிலேயே நின்றாள். அவள் மேலுதட்டை நான் கணக்கில் சேர்க்காமல் விட்டது என் தப்பு.

பாடம் நடக்கும்போது என் வீட்டுக்காரர் வஹ்ராம் அரபிப் பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். சனிக்கிழமைகளில் அண்ணன் கடை மூலையிலும் அப்படித்தான். அவருக்கு அரபி இலக்கணம் தலைகீழ்ப் பாடம். ஆனால் தப்பு வந்துவிடுமோ என்ற பயத்தில் வெளியாள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. டாக்ஸியில் ‘இங்கே நிறுத்து’ என்று சொல்ல வாய் வராமல் வடக்குக் கோடியில் இருக்கிற திரிப்போலி ஊர் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்த மகராசன். அண்ணன் தப்புப் பண்ணும்போதெல்லாம் பேப்பருக்கு மேலே ஒரு விரல் மட்டும் எழும்பும்.

ஒரு நாள் அண்ணன் பொறுமையிழந்து என்மேல் பாய்ந்தான்.

“நீதான் அரபிக்காரங்களை மாதிரியே பேசுறியே, நீ யாருன்னு எவனுக்காவது தெரியுதா? தப்பாப் பேசுறப்ப நான் மிஹ்ரான். சரியாப் பேசினா எவனோ ஒருத்தன். அப்பா என்ன சொன்னார்? வீடும் போச்சு, நிலமும் போச்சு, நாக்கையாவது வெச்சுக்கங்கன்னு சொன்னாரா இல்லையா?”

எனக்குச் சுருக்கென்றது. போன வாரம்தான் காய்கறிச் சந்தையில் ஒருத்தி என்னிடம், “அந்த ஆர்மீனியக்காரங்க பக்கத்துல வீடு எடுத்துடாதீங்கக்கா, ஒரே பூண்டு நாத்தம்,” என்று ரகசியமாகச் சொன்னாள். நான் அவள் கண் முன்னாலேயே கூடை நிறையப் பூண்டு வாங்கிக்கொண்டு வந்தேன். அதை அண்ணனிடம் சொல்லவில்லை.

“அப்போ நஜ்லாவை மறந்துடு,” என்றேன்.

மறுபடி பாடத்துக்கு உட்கார்ந்தான். பிறகு நிஜமாகவே படித்தான். தராசுக்கு டா, கத்திக்கு டி என்று பொருள்களை நிறுத்திவைத்துக் கூப்பிட்டுப் பழகினான். கொஞ்சம் கொஞ்சமாக நாக்கு வழிக்கு வந்தது. ஆனால் பருப்பில் கல் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்கிப் பேசினான். “மிஹ்ரானுக்கு உடம்பு சரியில்லையா?” என்று வாடிக்கைக்காரர்கள் என்னைக் கேட்டார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று கடைசியில் ஒரு யோசனை சொன்னேன். “அங்க போய் எல்லாரையும் ‘நீங்க’ன்னே சொல்லிடு. அதுக்கு ஆம்பளையும் இல்ல, பொம்பளையும் இல்ல. மரியாதையாவும் இருக்கும்.”

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் போனோம். அண்ணன் ஒரு பாட்டில் வாசனைத் தண்ணீரைத் தலையில் கவிழ்த்திருந்தான். வெந்தயம் அதையும் மீறி வந்தது.

“நீங்க... சௌக்கியமா இருக்கீங்களா?” என்று வாத்தியாரைக் கேட்டான். வாத்தியாரின் புருவம் உயர்ந்தது. “உங்க வீடு... ரொம்ப நல்லா இருக்கு.” வாத்தியார் முகத்தில் சிரிப்பே வந்துவிட்டது. நான் மனதுக்குள் மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டேன்.

நஜ்லா காபி கொண்டுவந்தாள். நீல உடுப்பில் லட்சணமாக இருந்தாள்.

“நீங்க... உட்காருங்க. உங்களுக்கு... எதுக்குச் சிரமம்?” என்றான் அண்ணன்.

அவள் முகம் வாடிவிட்டது.

“பரவாயில்லையே! நல்ல முன்னேற்றம்,” என்றார் வாத்தியார். “அப்போ நாள் பார்த்துடலாமா?”

“இருங்கண்ணே,” என்றாள் நஜ்லா. பிறகு என் அண்ணனைப் பார்த்தாள். “உங்களுக்கு என்மேல என்ன கோபம்?”

“கோபமா? ஏன் இப்படிக் கேக்கறீங்க?”

“பாத்தீங்களா, கேக்கறீங்களாம்! இத்தனை நாளா வாயார ‘டா’ன்னீங்க. பாட்டுல காதலியைக் கூப்பிடற மாதிரி. என் புருஷன்கூட என்னை அப்படிக் கூப்பிட்டதில்ல. அதைக் கேக்கத்தான் சனிக்கிழமை சனிக்கிழமை ஆத்தைத் தாண்டி வந்தேன். பாஸ்துர்மா எங்க தெரு முனையிலயே கிடைக்குது!”

அரபிப் பாட்டுகளில் காதலியை ஆணாகத்தான் கூப்பிடுவார்கள். நாலு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். இது எப்படி எனக்குத் தோன்றாமல் போனது!

புத்தியுள்ள எவனும் அந்த இடத்தில் ‘ஆமாம், ஆசையாகத்தான் சொன்னேன்’ என்று சொல்லியிருப்பான். என் அண்ணனுக்குப் பொய் வராது.

“அது தப்புங்க. எனக்குத் தெரியாம சொன்னது. பொம்பளைங்க எல்லாரையுமே அப்படித்தான் சொல்லிட்டிருந்தேன்.”

“எல்லாரையுமா?”

“எல்லாரையும்தான். கன்னியாஸ்திரியைக்கூட.”

நஜ்லா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். “நான்தான் பைத்தியக்காரி,” என்றாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. பார்க்கச் சகிக்கவில்லை. ஞாயிறும் போச்சு, எல்லாம் போச்சு என்று நான் கைப்பையை எடுத்துவிட்டேன்.

அப்போது என் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“அம்மையீர், தாங்கள் அனுமதித்தால் அடியேன் ஒன்று கூற விரும்புகிறேன்.”

சத்தியமாக, என் வீட்டுக்காரர்தான்! பேப்பரில் படித்த அரபி அப்படியே தலையங்கமாக வந்தது.

“மிஹ்ரான் எவரிடம் உரையாடினாலும் இறைச்சியைச் சீவிக்கொண்டேதான் உரையாடுவார். கன்னியாஸ்திரியும் அதற்கு விலக்கல்லர். தங்களிடம் மட்டுமே அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பேசுகிறார். இதனை நான் பல சனிக்கிழமைகளில் நேரில் கண்டுள்ளேன்.”

சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஒரு பிழை இல்லை. வாத்தியார் அவரைக் கட்டிக்கொள்ளத் தயாராக இருந்தார். இந்த மனுஷனுக்காக எத்தனை டாக்ஸியை நான் நிறுத்தியிருக்கிறேன்! வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்கிறேன் என்று அடக்கிக்கொண்டேன்.

அண்ணன் எழுந்து நின்றான்.

“நஜ்லா, இப்ப எனக்கு வித்தியாசம் தெரியும். யாருக்கு டா, யாருக்கு டின்னு நல்லாத் தெரியும். நாளையிலேர்ந்து கன்னியாஸ்திரிக்குச் சரியாச் சொல்வேன். ரொட்டிக்கடை அம்மாவுக்கும் சரியாச் சொல்வேன். உன்னை மட்டும் தப்பாச் சொல்வேன். தெரிஞ்சே சொல்வேன். என்னைக் கட்டிக்கிறியாடா?”

வாத்தியாருக்குப் பழக்கதோஷம் விடவில்லை. “‘கட்டிக்கிறியா’வுக்கு அப்புறம் அங்க பெண்பால்...” என்று விரலை உயர்த்தினார்.

“நீ கொஞ்சம் சும்மா இருடி!” என்றான் அண்ணன்.

பதற்றத்தில் படித்ததெல்லாம் பறந்துவிட்டது. நான் முகத்தை மூடிக்கொண்டேன். விரலிடுக்கில் பார்த்தால், நஜ்லா அழுகையும் சிரிப்புமாகக் காபிக் கோப்பையை அண்ணன் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தாள்.

“காபி ஆறுது,” என்றாள் என் அண்ணனிடம். “குடிடி.”

வாத்தியார் தங்கையைப் பார்த்தார். அவள் திருத்திக்கொள்ளவில்லை.