ரேஸ் கியரில் மாப்பிள்ளை அழைப்பு

மணிமங்கலத்தில் இரண்டு செங்கல் சூளைகளுக்குச் சொந்தக்காரரான பரசுராமன் நாற்பத்திரண்டு வயது வரைக்கும் ஒழுங்காகத்தான் இருந்தார். எழுபத்து மூன்றாம் வருஷம் பிப்ரவரியில், அவரிடம் செங்கல் வாங்கும் கான்ட்ராக்டர் ஒருவர் சோழவரத்தில் கார் ரேஸ் பார்க்கக் கூட்டிப் போனார். அதோடு சரி. பழைய விமானத் தளத்தில் கார்கள் பறப்பதை நாளெல்லாம் வெயிலில் நின்று வாய் பிளந்து பார்த்தவர், சாயங்காலம் வெறுங்கையோடு திரும்பவில்லை. இனி ரேஸ் ஓட்டப்போவதில்லை என்று சொன்ன ஓர் ஆசாமியிடம், அவன் காரிலிருந்து கழற்றி வைத்திருந்த கியர்பாக்ஸை வாங்கி, சாக்கில் சுற்றி, வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வீடு வந்து சேர்ந்தபோது இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன. முகத்தில் மட்டும் பிள்ளை பெற்ற களை.

அவரிடம் ஒரு வெள்ளை ஹெரால்ட் இருந்தது. நல்ல கார். ஆனால் அவர் மனைவி மரகதத்தின் அண்ணன், பிள்ளைப்பாக்கம் தசரதன், புது அம்பாசிடர் வாங்கிய நாளிலிருந்து அந்த ஹெரால்ட் பரசுராமன் கண்ணுக்குச் சவலைப் பிள்ளையாகத் தெரிந்தது. மச்சானுடைய காரில் ஏழு பேர் உட்காரலாம். அதை வெல்ல ஒரே வழி, மச்சானால் முடியாத வேகத்தில் போவது.

குன்றத்தூர் மெக்கானிக் ராஜாமணி சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இது ரேஸுக்குன்னே செஞ்சதுண்ணா. சாதா கியர்ல பல்லு சாய்வா இருக்கும், சத்தம் வராது. இதுல நேரா வெட்டிக்கீறான். கத்தும்."

"கத்தட்டும்."

"நைஸா போட்டா கியர் விழாது. அடிச்சுப் போடணும். தயங்கினா பல்லு தேஞ்சிடும்."

"அடிக்கிறேன்."

"இன்னொண்ணு கீதுண்ணா. இதுல ஃபர்ஸ்ட் கியரே நாப்பது மைலு இழுக்கும். ஆனா மெதுவா போவத் தெரியாது. ரேஸ்ல ஒரு தபா கெளம்பினா நிக்கவே வேணாம். நம்ம ரோட்ல மாடு வரும், கட்டை வண்டி வரும், முறுக்கு விக்கிற கெழவி வரும்..."

"முறுக்குக்காரிக்காக நான் கார் வச்சிக்கல, ராஜாமணி."

ராஜாமணி ஸ்பேனரை எடுத்தார். அவருக்கும் பட்டறை ஓடவேண்டும்.

ஒரு வாரத்தில் வண்டி தயாரானது. கிளம்பிய முதல் நாளே மணிமங்கலத்தில் மாவு மெஷின் புதிதாக வந்திருக்கிறது என்று நினைத்து இரண்டு பெண்கள் கேழ்வரகுக் கூடையோடு தெருவுக்கு வந்துவிட்டார்கள். கியர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் சம்மட்டியால் தண்டவாளத்தை அடித்த மாதிரி ஒரு சத்தம். நிறுத்தினால் எஞ்சின் அணைந்துவிடும். எடுத்தால் ஆடு துள்ளுவதுபோல் துள்ளும். பரசுராமனுக்கு இதெல்லாம் குறையாகவே படவில்லை. "ரேஸ் வண்டின்னா அப்டித்தான் இருக்கும்" என்று கேட்காதவர்களிடமும் சொன்னார். தார் ரோட்டில் ஒரு மைல் தூரம் ஆளும் மாடும் இல்லாமல் கிடைத்தால், மூன்றாவது கியரில் அது இழுக்கிற இழுப்பில் அவர் முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்ளும். அந்த ஒரு மைலுக்காக மீதிப் பத்து மைலையும் அவர் மன்னித்தார்.

மரகதம் ஒரே ஒரு தடவைதான் அதில் ஏறினாள். படப்பைக்கு ஜவுளி எடுக்கப் போனார்கள். உள்ளே பேசுவது காதில் விழாது. கத்தவேண்டும். வழியெல்லாம் கத்திக்கொண்டே வந்தாள். படப்பை பஸ் நிறுத்தத்தருகே ஒரு எருமை குறுக்கே வர, பரசுராமன் பிரேக்கை மிதிக்க, எஞ்சின் பட்டென்று அணைந்தது. உலகமே அமைதியானது. அந்த அமைதியில் மரகதத்தின் குரல் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

"...மூலத்துக்கு வைத்தியர் குட்த்த லேகியத்த மூணு நாளா தொடலியே, அப்பறம் குந்த முடியலன்னா நான் இன்னா பண்றது!"

பஸ்ஸுக்கு நின்றிருந்த முப்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எருமையும் பார்த்தது. ஒரு பெரியவர் அக்கறையோடு அருகே வந்து, கருணைக்கிழங்கு சேர்த்துக்கொள்ளச் சொன்னார். மரகதம் கதவைத் திறந்து இறங்கி, எதிரே வந்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள்.

வைகாசியில் தசரதனின் மகள் ரத்னாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சுப்பிரமணி, ஆவடியில் குமாஸ்தா. ஒல்லி, கண்ணாடி, அதிர்ந்து பேசாதவன். அவனுக்குக் கொடுப்பதாகச் சொன்ன ஸ்கூட்டருக்கு, தசரதன் ஐந்து வருஷத்துக்கு முன்பே பதிவு செய்து காத்திருந்து வாங்கி வைத்திருந்தார். மாப்பிள்ளை அழைப்புக்கு அம்பாசிடர் என்றுதான் முடிவாகியிருந்தது. பரசுராமன் ஒரே பிடியாக நின்றார்.

"மேல மூடி போட்ட வண்டில மாப்பிள்ளைய அடைச்சி இட்டுனு வந்தா யார் பாப்பாங்க மச்சான்? ஹெரால்ட்ல கூரைய கழட்டிடலாம். ராஜா மாதிரி வருவாரு."

தசரதன் தங்கை முகத்தைப் பார்த்தார். மரகதம் சுவரைப் பார்த்தாள். வீட்டு மாப்பிள்ளையின் பேச்சைத் தட்டக்கூடாது என்று தசரதன் சரி என்றார்.

மாலை ஐந்து மணிக்கு ஸ்ரீபெரும்புதூர் பிள்ளையார் கோயிலிலிருந்து புறப்பாடு. கல்யாணச் சத்திரம் அரை மைல்தான். முன்னால் நாதஸ்வரம், அதற்குப் பின்னால் சீர்த்தட்டு ஏந்திய பெண்கள், நடுவில் கூரை இல்லாத ஹெரால்ட். பின் சீட்டில் பட்டுத் தலைப்பாகையும் ரோஜா மாலையுமாகச் சுப்பிரமணி. ஸ்டியரிங்கில் பரசுராமன்.

நாதஸ்வரக்காரர் நடந்தார். பெண்கள் நடந்தார்கள். ஹெரால்டுக்கு மட்டும் நடக்கத் தெரியவில்லை. முதல் முயற்சியில் அணைந்தது. இரண்டாவதிலும் அணைந்தது. மூன்றாவது முறை ஒரே துள்ளாகத் துள்ளியதில் சீர்த்தட்டுப் பெண்கள் இரண்டு பக்கமும் சிதற, தவில்காரர் வாத்தியத்தோடு சாக்கடை ஓரம் போய் நின்றார். பரசுராமன் கிளட்சைப் பாதி மிதித்துப் பாதி விட்டு, வண்டியை நத்தையாக்கப் பார்த்தார். கியரின் கூச்சலில் நாதஸ்வரம் அமுங்கிப் போனது. நூறு கஜத்தில் அடியிலிருந்து புகை வந்தது. கருகல் நாற்றம் தாங்காமல் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

"இன்னாய்யா, மாப்பிள்ளைய புகை போட்டுப் பழுக்க வைக்கிறீங்களா?" என்று டீக்கடையிலிருந்து ஒருவன் கேட்டான்.

அந்தக் கேள்விதான் பரசுராமனைச் சுட்டுவிட்டது. இத்தனை பேருக்கு நடுவில், அதுவும் மச்சானின் அம்பாசிடர் பின்னாலேயே பூனைபோல் சத்தமில்லாமல் வந்துகொண்டிருக்கையில். கிளட்ச் சூடு ஆறவேண்டும், அதற்குக் காலை முழுசாக எடுக்கவேண்டும் என்று அவர் மூளை சொன்னது. காலை எடுத்தார்.

முன்னால் நடந்தவர்கள் அலறி இரண்டு பக்கமும் ஒதுங்க, ஹெரால்ட் பாய்ந்தது. சத்திர வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றவர்கள் மாப்பிள்ளை வருவதைப் பார்த்தார்கள். போவதையும் பார்த்தார்கள். இடையில் ஒரு கண் சிமிட்டல்தான். அங்கே நிறுத்தினால் மறுபடி கிளம்பாது என்ற பயத்தில் பரசுராமன் பெங்களூர் ரோட்டில் திரும்பினார். எதிரே ஆள் இல்லை, மாடு இல்லை. தார் ரோடு நேராகக் கிடந்தது. இரண்டாவது கியரை அடித்துப் போட்டார். மூன்றாவதையும் போட்டார். தலைப்பாகை பறந்தது. மாலையின் ரோஜாக்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து பின்னால் போயின. பயந்துபோய்ப் பையன் அழுகிறானோ என்று பரசுராமன் திரும்பிப் பார்த்தார்.

சுப்பிரமணி பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் போவுமா மாமா?" என்று கத்தினான்.

இந்த மூன்று மாதத்தில் அந்தக் கேள்வியை யாரும் பரசுராமனிடம் கேட்டதில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணம், சத்திரம், சம்பந்தி எல்லாம் மறந்தது. நான்காவது கியர் விழுந்தது.

சுங்குவார்சத்திரத்தில் சந்தைக் கூட்டம். நிறுத்தினார்கள். பிறகு எடுக்க முடியவில்லை. கிளட்ச் கரியாகியிருந்தது. அரை மணி நேரம் இருவரும் பட்டுவேட்டியை மடித்துக்கட்டி ரோட்டோரம் நின்றபிறகு, பரசுராமனின் செங்கல் லாரியே காஞ்சிபுரத்தில் லோடு இறக்கிவிட்டுத் திரும்பி வந்தது. டிரைவர் சுப்பன் இறங்கி, குனிந்து பார்த்து, விஷயம் கேட்டான்.

"கியர் அடிச்சுப் போடணும், தயங்கக் கூடாது, அதான?" என்றான். "பன்னெண்டு வருசமா உங்க லாரில நான் அப்டித்தான் மொதலாளி போட்டுக்கினு கீறேன். சாயங்காலமானா தோள்பட்ட கழண்டு போவுது. அதுக்குப் பேரு ரேஸுன்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

பரசுராமன் கயிறு கேட்டார்.

சத்திரத்தில் அதற்குள் ரணகளம். மாப்பிள்ளையின் அப்பா, தன் மகனைப் பெண் வீட்டார் கடத்திவிட்டதாகக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார். கல்யாணத்தில் இஷ்டமில்லாமல் பையன் ஓடிவிட்டான் என்று இன்னொரு கூட்டம். பொழுது சாயும் நேரத்தில் செங்கல் லாரி வந்து நின்றது. அதன் கேபினிலிருந்து மாப்பிள்ளை, தலையெல்லாம் சிவப்புத் தூசியோடு குதித்தான். பின்னால் கயிற்றில் கட்டியிழுத்த ஹெரால்டில் பரசுராமன்.

தசரதன் ஓடிவந்தார். "இன்னா மாப்ள இது? புள்ள புடிக்கிறவன்ற பேர எனக்கு வாங்கிக் குட்த்துட்டியே!"

சுப்பிரமணி யாரையும் பார்க்கவில்லை. நேராகத் தன் அப்பாவிடம் போய், ஊரே கேட்கும்படி சொன்னான். கியர் சத்தத்தில் அவனுக்குக் காது அடைத்திருந்ததால் கத்தித்தான் சொன்னான்.

"எனக்கு ஸ்கூட்டர் வேணாம்ப்பா. அந்தக் காரு வேணும். அதே கியரோட."

முதலில் பரசுராமனுக்குப் பெருமையாக இருந்தது. விஷயம் புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் வெளுத்தது. மாப்பிள்ளையின் அப்பா, கடத்தல் புகாரைச் சத்தமில்லாமல் மடித்து வைத்துவிட்டு, "பையன் ஆசப்பட்டுட்டான்" என்றார். தசரதன் பரசுராமனையே பார்த்தார். அவர் உதட்டோரத்தில் வெகு நாளாக இல்லாத ஒரு சந்தோஷம் இருந்தது.

"நிச்சயத்தன்னிக்கு சபையில நீதான மாப்ள சொன்ன, எங்க வூட்டுப் பொண்ணுக்கு இன்னா கேட்டாலும் செய்வேன்னு?"

மணப்பெண் கூப்பிடுகிறாள் என்று ஆள் வந்தது. உள்ளறையில் ரத்னா அலங்காரத்தோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மரகதம்.

"குடுத்துடுங்க மாமா," என்றாள் ரத்னா. "அவருக்கு ஸ்கூட்டர் வேணுமா காரு வேணுமான்னு ரெண்டு தபா கேட்டாங்களாம். எனக்கு அவரு வேணுமான்னு ஒரு தபாகூட யாரும் கேக்கல. பரவால்ல. நீங்க குடுங்க. ஒரு மாசத்துல அவரே வந்து திருப்பிக் குடுப்பாரு."

"உனுக்கு எப்டிம்மா தெரியும்?"

"அத்தைகிட்ட கேட்டேன்."

மரகதம் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

மறுநாள் காலை தாலி ஏறியது. ராஜாமணி கிளட்சை மாற்றித் தந்தார். கார் ஆவடிக்குப் போனது. ரத்னா கணக்குப் போட்டதில் பத்து நாள்தான் பிசகியது. நாற்பதாவது நாள் சுப்பிரமணி, கழுத்தில் வேர்க்குருவும் கையில் ஒரு சீப்பு வாழைப்பழமுமாகப் பஸ்ஸில் பிள்ளைப்பாக்கம் வந்து இறங்கினான். குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்துவிட்டார்கள். ரயில்வே கேட்டில் தினமும் இரண்டு பேர் தள்ளவேண்டியிருக்கிறது. ஆபீஸில் அவனுக்கு வேறு பேர் வைத்துவிட்டார்கள். என்ன பேர் என்று அவன் சொல்லவில்லை.

"அந்த ஸ்கூட்டரு..." என்று இழுத்தான்.

"அத வித்து ரத்னா பேர்ல பேங்க்ல போட்டாச்சுங்க மாப்ள," என்றார் தசரதன் மரியாதையாக. "அவதான் சொன்னா. பழம் வெயில்ல வதங்கிடுச்சு பாருங்க, உள்ள வைக்கச் சொல்றேன்."

மாப்பிள்ளைக்குக் கார் வேண்டாமாம் என்ற சேதி மணிமங்கலத்துக்கு வந்தபோது பரசுராமன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தார். ஆவடியில் ஹெரால்டின் மேல் அடுத்த வீட்டு வற்றல் காய்ந்துகொண்டிருந்தது. ரத்னா வற்றலை எடுத்து, காரைத் துடைத்து, சாவியைக் கொடுத்து, காப்பியும் கொடுத்தாள்.

திரும்பும்போது பூந்தமல்லி முக்கில் போலீஸ்காரர் கை காட்டினார். எஞ்சின் அணைந்தது. பின்னால் வந்த பஸ் ஊதியது. பரசுராமன் இறங்கி வேட்டியை மடித்துக்கட்டி, தோளைக் கொடுத்தார். போலீஸ்காரரும் இரண்டு காய்கறிக்காரர்களும் சேர்ந்து தள்ளினார்கள். வண்டி உயிர் பெற்று அலறியபோது தாவி ஏறி, திரும்பிப் பார்க்காமல் போனார்.

அதற்கப்புறம் அந்தப் போலீஸ்காரர் ஹெரால்டின் சத்தம் கேட்டதுமே மற்ற மூன்று பக்கமும் நிறுத்தி அவருக்கு வழி விடுகிறாராம். மந்திரி காருக்குக்கூட அப்படிச் செய்வதில்லை என்று பரசுராமன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.