வால்நட் அரைத்த கை

அமெரிக்காவில் எங்கள் ஊரான யங்ஸ்டவுனில் கல்யாணத்துக்குக் கேக் இல்லாவிட்டால்கூட மன்னித்துவிடுவார்கள். குக்கீ மேசை இல்லாவிட்டால் பேரன் பேத்தி காலம்வரை பேசுவார்கள். குக்கீ வேண்டும் என்று கல்யாண வீட்டார் யாரிடமும் கேட்கக் கூடாது. அத்தை, சித்தி, அடுத்த வீடு, எதிர் வீடு என்று அவரவர் சுட்டதைத் தட்டில் அடுக்கிக் கொண்டுவந்து வைக்க வேண்டும். அதுதான் முறை.

அப்படிப்பட்ட ஊரில் பேக்கரி வைத்திருக்கிற என் புருஷன் எமில், பக்கத்து வீட்டுப் பெண்ணின் கல்யாணக் கேக்கைச் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

ரொசெல்லா எங்கள் கண்ணெதிரே வளர்ந்தவள். பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்கு ஓடி வந்து உடைந்த குக்கீகளைப் பொறுக்கித் தின்பாள். அவள் மேவ் என்ற பெண்ணோடு கைகோத்து வந்து, "எமில் மாமா, எங்க ரெண்டு பேர் கல்யாணத்துக்கு நீங்கதான் கேக் செய்யணும்" என்றாள். எமில் கையிலிருந்த மாவை ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பிறந்தநாளுக்குக் கேளு, செய்யறேன். கடையில எது வேணாலும் எடுத்துக்கோ. இந்தக் கல்யாணக் கேக் மட்டும் முடியாதும்மா. கல்யாணம்னா என்னன்னு நான் மாதா கோயில்ல கத்துக்கிட்டவன். கை வராது."

மேவின் முகம் சிவந்துவிட்டது. ரொசெல்லா, "சரி மாமா" என்று மட்டும் சொன்னாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போன பிறகுதான் அழுதாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, பூரிக்கட்டை கைக்கு எட்டாமல் இருந்தது எமிலின் நல்ல காலம்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? எமிலைத் திட்டவும் ஆள் வந்தது, தோளில் தட்டிக்கொடுக்கவும் ஆள் வந்தது. தட்டிக்கொடுத்தவர்களைத்தான் அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ரொசெல்லாவின் அம்மா கன்செட்டா என்னோடு வேலியோரம் நின்று பேசுவதை நிறுத்திவிட்டாள். எங்கள் மகன் கல்யாணத்துக்குத் தட்டுத் தட்டாகச் சுட்டு வந்தவள் அவள். இப்போது நான் தட்டோடு போக வேண்டிய முறை. போனால் புருஷனை ஊரறிய விட்டுக்கொடுத்தவள். போகாவிட்டால் கன்செட்டா எனக்கு இல்லை. எனக்குத் தூக்கமே போய்விட்டது.

கல்யாண வாரத்தில் ஒரு மத்தியானம் கடையின் பின்கட்டில் அரைவை இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது. எமில் வால்நட் அரைத்துக்கொண்டிருந்தார், பெரிய பாத்திரம் நிறைய. கடை வியாபாரத்துக்கு அவ்வளவு தேவைப்படாது. அக்கம்பக்கத்தில் கல்யாணம் என்றால்தான் கொலாச்சி என்கிற சுருள் குக்கீக்குள் வைத்துச் சுருட்ட அவ்வளவு அரைப்பார். அவர் அம்மா பழக்கிவிட்ட பழக்கம்.

"யாருக்கு இவ்வளவு?" என்றேன்.

"என்ன கேள்வி இது? சனிக்கிழமை கன்செட்டா வீட்டுல..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார். இயந்திரத்தை அணைத்தார். தன் கையை யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்தார்.

நாக்கு நுனிவரை கேலி வந்தது. ஆனால் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மனுஷன் கடவுளுக்குப் பயந்து முடியாது என்று சொல்லியிருக்க, அவர் கை அவரைக் கேட்காமலே அந்தப் பெண்ணுக்கு வால்நட் அரைத்து முடித்திருக்கிறது. இத்தனை காலம் குடித்தனம் செய்தும் இவரை நான் முழுசாகப் பார்த்ததில்லை என்று தோன்றியது.

"இப்ப என்ன பண்றது? குப்பையில கொட்டிடவா?"

"கொட்டினா எங்கம்மா கல்லறையிலேர்ந்து எழுந்து வந்து அறைவா." பாத்திரத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, "நீ சுடு பெர்னி. உன்னைத் தடுக்க மாட்டேன். நான் கல்யாண மண்டபத்துக்குள்ள வர மாட்டேன், அவ்வளவுதான்" என்றார்.

சனிக்கிழமை, கல்யாண விருந்து நடக்கிற தீயணைப்பு நிலைய மண்டபத்துக்கு அவரே வண்டி ஓட்டினார். தட்டுகளை வாசற்படிவரை தூக்கி வந்து என்னிடம் கொடுத்துவிட்டு வண்டிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே போனேன். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை மேசை. துணி தெரியாதபடி குக்கீ. எமில் செய்ததுதான் சரி என்று கோயிலில் சண்டை போட்ட வெரோனிக்காவின் ஆப்ரிகாட் குக்கீ அங்கே இருந்தது. வரவே மாட்டேன் என்று சத்தம் போட்டவர்கள் தட்டை மட்டும் அனுப்பியிருந்தார்கள். என்ன ஊரடா இது என்று எனக்குக் கண் கலங்கியது. நடுவில் கேக் வைக்கிற இடம் மட்டும் காலி. வேறு கடையில் ரொசெல்லா வாங்கவில்லையாம்.

கன்செட்டா நேராக என்னிடம் வந்தாள். தட்டைப் பிடுங்கி அந்தக் காலி இடத்தில் வைத்தாள்.

"ஏன்டி இவ்வளவு லேட்டு?" என்றாள். சொல்லிவிட்டு என் கையை விடவே இல்லை.

வர முடியாமல் போனவர்களுக்கு முதல் டப்பா கட்டி அனுப்புவது எங்கள் வழக்கம். படுக்கையில் கிடக்கிறவர்கள், வெளியூரில் மாட்டிக்கொண்டவர்கள், இப்படி. ரொசெல்லா என் கொலாச்சியை ஒரு டப்பாவில் அடுக்கினாள். வெள்ளைக் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள். நான் பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினேன்.

வண்டிக் கதவைத் திறந்து எமிலின் மடியில் டப்பாவை வைத்தாள்.

"வர முடியாதவங்களுக்கு முதல் டப்பா, மாமா."

"நான் மனசு மாறலம்மா."

"நான் கேக்கலையே. சாப்பிடுங்க."

எமில் ஒன்றை எடுத்துக் கடித்தார். மென்று விழுங்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. அப்புறம், பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனக் கூண்டில் பேசுகிற அதே தணிந்த குரலில் சொன்னார்.

"வால்நட் அரைச்சது நான்தான்."

"தெரியும் மாமா," என்றாள் ரொசெல்லா. "வேற யாரு இவ்வளவு பொடியா அரைக்கறாங்க?"

குனிந்து அவர் நெற்றியில் முத்தம் வைத்தாள். தன் கல்யாணத்துக்குக் கேக் செய்ய மறுத்த மனுஷனுக்கு. அவள் கவுனைத் தூக்கிக்கொண்டு மேவிடம் ஓடிப் போனாள். எமில் இன்னொரு கொலாச்சியை எடுத்தார்.