பின் போடாத டிரெய்லர்

ஆண்டிமடத்தில் முந்திரிக்கொட்டை விலை சரிந்த அதே வாரத்தில், கீழப்பழுவூர் தங்கராசுவின் டிரெய்லர் டிராக்டர் இல்லாமலே அவர் பின்னால் வர ஆரம்பித்தது. முதலில் பார்த்தவர்கள் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போனவர்கள். தங்கராசு செருப்பைத் தேய்த்துக்கொண்டு டீக்கடைக்கு நடந்தார். சற்றுப் பின்னால், முன்கம்பியைத் தரையில் படாமல் தூக்கிப் பிடித்தபடி, இரண்டு சக்கரமும் உருள அது வந்தது. அவர் நின்றால் நின்றது, திரும்பினால் திரும்பியது. அவர் டீ குடித்து முடிக்கும்வரை வாசலை அடைத்துக்கொண்டு நின்றதால் வியாபாரம் கெடுகிறது என்று கடைக்காரர் முணுமுணுத்தார். மற்றபடி ஊரில் பெரிய பேச்சு எதுவும் இல்லை. எல்லோருக்கும் முந்திரிக் கவலை இருந்தது. அதோடு, அது ஏன் வருகிறது என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

டிராக்டரின் பின்கொக்கியையும் டிரெய்லரின் முன்கம்பி வளையத்தையும் சேர்த்துப் பிடிப்பது ஒரு இரும்புப் பின். சுமை முழுவதும் அதன் கழுத்தில்தான். பின்னும் ஓட்டையும் அளவு பொருந்த வேண்டும். ஓட்டை பெருத்தால் பின் ஆடும், ஆடினால் தேயும், தேய்ந்தால் ஒருநாள் ஒடியும். கிரீஸ் வைக்க வேண்டும், கீழே பூட்டு ஊசி போட வேண்டும், ஆபத்துக்கு உதவ ஒரு சங்கிலியும் வேண்டும். இவ்வளவும் டிரைவர் மாயவன் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப் போனான். “மொதலாளி, பின்னு தேஞ்சு நூலாப் போச்சு. ஓட்டையும் வாயப் பொளந்துகிட்டு நிக்குது. பெரம்பலூர்ல சைஸ் பாத்து ஒண்ணு வாங்கிட்டு வந்துருவோங்க.” தங்கராசு மாடி கட்டியபோது மிஞ்சிய கம்பியில் ஒரு துண்டை வெட்டி அவன் கையில் கொடுத்தார். “தாங்கும்டா. ஓட்டு.” அது அவருக்கு வாய்ப்பாடு. டயர் வெடித்திருந்தாலும் தாங்கும், சுவர் விரிசல் விட்டாலும் தாங்கும், மனைவி தேவயானிக்குக் காய்ச்சல் கொதித்தாலும் தாங்கும். யானை வாங்கினவன் அங்குசம் வாங்க அழுத கதைதான். இன்னொரு சட்டமும் அவரிடம் இருந்தது: பூட்டிய வண்டியை ஒரு நடையாவது அடிக்காமல் கழற்றக் கூடாது, கழற்றினால் வீடு விளங்காது. வயிற்றுவலி என்று டிரைவர்கள் துடித்தாலும் ஒரு நடை அடித்துக் கொடுத்துவிட்டுத்தான் துடிக்க வேண்டும்.

அந்தக் கம்பி, சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலிருந்து மேலேறும் மேட்டில் ஒடிந்தது. டிரெய்லர் முழுச் சுமையோடு பின்னோக்கி இறங்கியது. சிந்திய கல்லைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டு பின்னால் ஏறிவந்தவள் லீலாவதி, மாயவனின் மனைவி. முன்னால் போன மாயவனுக்கு வண்டி திடீரென்று லேசாக இழுத்தது. இன்றைக்கு இன்ஜின் நல்ல மூடில் இருக்கிறது என்று நினைத்து மேட்டு உச்சிவரை சந்தோஷமாகப் போனான். திரும்பிப் பார்த்தபோது லீலாவதி டிரெய்லருக்கு அடியில் கிடந்தாள். தங்கராசு ஒடிந்த கம்பித் துண்டுகளைப் பொறுக்கிச் சுரங்கத்துத் தண்ணீரில் வீசிவிட்டு, டிரைவர் பையன் குடித்துவிட்டு டிரெய்லருக்குப் பின் போட மறந்துவிட்டான் என்று போலீசில் சொன்னார். மாயவன் பீடிகூடக் குடிக்காதவன். அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். லீலாவதிக்கு அவள் அண்ணன் கொள்ளி வைத்தான். ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் வயிறு எரிந்தது. எரிந்த வயிற்றோடு அவரவர் வேலைக்குப் போனார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். போலீஸ் டிரெய்லரைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் அது தங்கராசுவின் பின்னால் வர ஆரம்பித்தது.

அதை உதற அவர் படாத பாடு இல்லை. அரியலூர் பழைய இரும்புக் கடையில் கேஸ் கட்டர் வைத்துத் துண்டு துண்டாக வெட்டச் சொன்னார். சாயங்காலம் துண்டுகள் வரிசையாக வீட்டுக்கு வந்து, வாசலில் தாமாகவே கூடிக்கொண்டன. சாலையோரப் புளியமரத்தில் சங்கிலி போட்டுக் கட்டினார். மரமும் வேரோடு கூட வந்தது, அதற்கு அபராதம் வேறு. பெரம்பலூர் பஸ்ஸில் ஏறினால் அது பஸ்ஸின் பின்னால் ஓடிவந்தது, கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். சிறுவாச்சூர் அம்மன் கோயிலில் நடை திறக்கும் வெள்ளிக்கிழமையாகப் பார்த்துப் போய் அழுதார். ஏலாக்குறிச்சி மாதாவிடமும் மெழுகுவர்த்தி ஏற்றினார். சக்கரம் படி ஏறாது என்ற நம்பிக்கையில் ரஞ்சன்குடிக் கோட்டைமேல் ஏறி உட்கார்ந்தார். அது ஒவ்வொரு படியாக ஏறி வந்து பக்கத்தில் நின்றது, வந்திருந்த ஜோடிகள் அதோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். படுத்தால் முன்கம்பி வாசல் வழியாக நீண்டு கட்டிலின் கால்மாட்டில் இருக்கும். தேவயானி அதைச் சில நாள் பார்த்துவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். போகும்போது, “ஒங்களுக்குத் தாங்கும்,” என்று மட்டும் சொன்னாள்.

மகன் அறிவரசன் போகவில்லை. அவன் பெரம்பலூரில் இன்ஜினியரிங் படித்தவன், எதையும் கூர்ந்து பார்ப்பான். ஒருநாள் சுரங்கத்தில் யாரோ விளையாட்டாக அந்த டிரெய்லரில் கல்லை அள்ளிப் போட, அப்பா நடந்த வழியெல்லாம் கல்லும் போனதைப் பார்த்தான். டீசல் இல்லை, டிராக்டர் இல்லை. அன்றிலிருந்து அப்பாவைக் காலாற நடந்துவிட்டு வரச் சொல்ல ஆரம்பித்தான், சுரங்கத்திலிருந்து சிமென்ட் ஆலைவரை. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம்.

இதற்குள் மாயவன் ஜெயிலிலிருந்து வெளியே வந்திருந்தான். எங்கும் வழியில்லாமல் தங்கராசு அவன் குடிசைக்குப் போனார். டிரெய்லர் வேலியோரம் நின்றது. மாயவன் அதைப் பார்க்கவில்லை, அதன் சக்கரத்தை மட்டும் பார்த்தான்.

“மாயவா, இதக் கழட்டி வுட்டுடுடா. நீ ஓட்டுன வண்டி. ஒன் கைக்கு அடங்கும்.”

“கழட்டலாங்க. ஆனா மாட்டுனதத்தானே மொதலாளி கழட்ட முடியும்? நீங்க பின்னே போடலியே.”

தங்கராசுவுக்கு அது புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் மலர்ந்தது. பூட்டாத வண்டியை அவிழ்க்க வழியில்லை. முறைப்படி பூட்டினால் முறைப்படி அவிழ்க்கலாம். இவ்வளவு நாள் இது தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டார். அன்றைக்கே இருவரும் பெரம்பலூர் போனார்கள். வாழ்நாளில் முதல்முறையாகத் தங்கராசு கடை கடையாக ஏறி ஒரு பின்னைத் தேர்ந்தெடுத்தார். இது மட்டம், இது பூச்சு, இது வளைந்திருக்கிறது என்று மாயவன் ஒவ்வொன்றாகத் தள்ளினான். அவர் சிணுங்காமல் அடுத்ததைக் காட்டச் சொன்னார். கடைசியில் உருக்குப் பின் ஒன்று, பூட்டு ஊசியோடு, கனத்த சங்கிலியோடு. பட்டறையில் அவர் இடுப்புக்கு அளவெடுத்து ஒரு இரும்புப் பட்டையும் முதுகுப்பக்கம் கொக்கியும் அடித்து, பட்டையின் வாயைச் சேர்த்து வெல்டு வைத்தார்கள். தளர்ந்திருந்தால் ஆடும், ஆடினால் தேயும் என்று மாயவன் சொன்னான். தங்கராசு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் சுரங்கத்தில், எல்லோரும் பார்க்க, மாயவன் டிரெய்லரின் வளையத்தைக் கொக்கிக்குள் விட்டுப் பின்னை இறக்கினான். துளி ஆட்டம் இல்லாமல் அது உட்கார்ந்தது. கிரீஸ் தடவினான், ஊசி போட்டான், சங்கிலியை மாட்டினான். அந்தக் கணத்தில் டிரெய்லருக்குக் கனம் வந்தது. அதுவரை நாய்க்குட்டிபோல் தானாக வந்த வண்டி, இப்போது இருந்த இடத்தில் கல்லாக நின்று அவர் இடுப்பைப் பின்னுக்கு இழுத்தது.

“போதும்டா, உருவு,” என்றார்.

“ஒரு நடை அடிக்காம உருவக் கூடாதுங்களே மொதலாளி. வூடு வெளங்காதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க.”

அவர் மகனைப் பார்த்தார். அறிவரசன் கல் ஏற்றச் சொல்லிக் கையைக் காட்டினான்.

தங்கராசு ஒரு நடை அடித்தார். ஆலை வாசலில் கல்லை இறக்கியதும் மாயவன் குனிந்து பின்னைத் துடைத்துப் பார்த்தான். நல்ல பின்னை யாராவது உருவுவார்களா, தேய்ந்தால்தானே மாற்ற வேண்டும் என்றான். அது தேயவில்லை. தேய விட்டால்தானே? தினமும் காலையில் மண்ணைத் தட்டி, துணியால் துடைத்து, புது கிரீஸ் வைத்தான். அறிவரசன் அவனுக்கு அதையே வேலையாகக் கொடுத்திருந்தான். எப்போதாவது ஒரு பின் லேசாக மெலிந்தால், அதன் தலையில் புதுப் பின்னை வைத்து அடிப்பான். பழையது கீழே விழும்போது புதியது உள்ளே இருக்கும். நடுவில் ஒரு இமைப்பொழுதுகூட ஓட்டை காலியாக இருந்ததில்லை. ஆரம்பத்தில் தங்கராசு கெஞ்சினார், பிறகு ஏசினார், பிறகு மழைக்காலம் வந்தது. வருடங்கள் போனதில் அவர் தொடை தடித்தது, பேச்சு சுருங்கியது, பட்டையைச் சுற்றிச் சதை வளர்ந்து இரும்பை மூடிக்கொண்டது. ஊர்க்காரர்கள் அவரை இடதுபக்கம் விட்டு ஓவர்டேக் செய்யப் பழகினார்கள். பின்னால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டவில்லை என்று அதிகாரி ஒருவர் கண்டிக்க, அறிவரசன் அன்றே ஒட்டினான்.

மேட்டில் ஏறும்போது மாயவன் டிரெய்லரின் பின்னால், லீலாவதி நடந்த இடத்தில்தான் நடப்பான். சிந்திய கல்லைப் பொறுக்கிக்கொண்டே வருவான். ஏதாவது ஒடிந்தால் சுமை முழுக்க அவன்மேல்தான் இறங்கும் என்று சிலர் எச்சரித்தார்கள். அவன் சிரிப்பான். அவனே தேர்ந்தெடுத்து, அவனே பேணும் பின்.

இந்தச் சித்திரையில் புதிதாக வேலைக்கு வந்த ராசாத்தி, கல் ஏற்றிக்கொண்டிருந்தவள், முன்னால் குனிந்து நின்ற கிழவரைப் பார்த்துக் கூடையோடு நின்றுவிட்டாள். “போதுமாண்ணே? ரொம்ப ஏத்திட்டமே, தாங்குமா?”

தங்கராசு தலையைத் திருப்பி மாயவனைப் பார்த்தார். மாயவன் பின்னை ஆட்டிப் பார்த்தான். ஆடவில்லை.

“தாங்கும்மா. போடு,” என்றான்.

அவள் போட்டாள். தங்கராசு காலை எடுத்து வைத்தார்.