பால் பொங்காத வீடு

என் புருஷன் கஞ்சன். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், அடுத்தவர் சொல்லி நான் கேட்க வேண்டியதில்லை. லூனாஸில் இருக்கும் என் அண்ணன் நடராஜா சொல்வான், அண்ணி நவமணி சொல்வாள், நான் வேலை செய்யும் கையுறைத் தொழிற்சாலையில் என்னோடு நிற்கும் அத்தனை பெண்களும் சொல்வார்கள். சும்மா சொல்லவில்லை, பார்த்துத்தான் சொல்கிறார்கள்.

அவர் பெயர் பூன் ஹோக். சுங்கை பட்டாணி ஊர்க்காரர், ஹொக்கியன் சீனர். காற்றாடி, சலவை இயந்திரம் பழுது பார்க்கும் சின்னக் கடை வைத்திருக்கிறார். பற்பசைக் குழாய் தட்டையாகிப் போன பிறகு அதைக் கத்தரிக்கோலால் கீறி, உள்ளே ஒட்டியிருப்பதை வழித்துப் பல் தேய்ப்பார். அரிசி களைந்த தண்ணீரில் மீன் கழுவி, மீன் கழுவிய தண்ணீரை மிளகாய்ச் செடிக்கு ஊற்றுவார். கல்யாணமான வருஷத் தீபாவளிக்கு நான் வாசல் முழுக்க அகல் விளக்கு ஏற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தால் வீடு கும்மிருட்டு. என்னய்யா இது என்றால், வெளியே அத்தனை விளக்கு எரியும்போது உள்ளே லைட் எதற்கு என்று என்னையே கேட்கிறார். எதற்கெடுத்தாலும் அவர் வாயில் வருவது 'மெம்பாசிர்' என்ற மலாய்ச் சொல்தான். எல்லாம் வீணாம். பூ வீண், கோலமாவு வீண், நான் இரண்டாவது தடவை முகம் கழுவினால் அதுவும் வீண்.

எங்கள் சொந்தக்காரர்களோடு அவர் படுத்தும் பாடு தனிக் கதை. நம் வீட்டில் விருந்தாளி போதும் போதும் என்று கையை மறைத்தால், இன்னொரு கரண்டி போட வேண்டும். அது பாலர் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். இவருக்குப் போதும் என்றால் போதும்தான். ஒரு தடவை நவமணி அண்ணி மரியாதைக்குப் போதும் என்று சொல்லி வாய் மூடுவதற்குள் கோழிக்கறிச் சட்டியை மூடிக் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட்டார். அண்ணி அரை வயிற்றோடு லூனாஸ் போய்ச் சேர்ந்தாள். இந்த ஜென்மத்தில் அதை அவள் மறக்கப் போவதில்லை.

நானும் வாயை மூடிக்கொண்டு இருப்பவள் இல்லை. ஏழு வருஷமாகச் சண்டைதான். வெள்ளிக்கிழமை மல்லிகைப்பூ வாங்காதே, மறுநாள் வாடிப் போகிறது என்றார். அடுத்த வாரம் இரண்டு மடங்கு வாங்கி வைத்துக்கொண்டு அவர் முன்னாலேயே நடந்தேன். நீங்களும் நானும்கூட ஒரு நாள் வாடித்தான் போகப் போகிறோம், அதற்காகச் சோறு தின்னாமலா இருக்கிறோம் என்று கேட்டேன். அன்றைக்கு நான் போட்ட காற்றாடியை ஒரு எண் குறைத்து வைத்தார்.

ஆனால் செமிலிங்கில் இந்த வீட்டை வாங்கித் தந்தது அந்தக் கஞ்சத்தனம்தான். அதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

வீடு வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றது அம்மாவுக்காக. அப்பா போன பிறகு அம்மா எஸ்டேட் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணனும் அண்ணியும் கூலிமில் ஷிப்ட் வேலை. ஆக்குவது, துவைப்பது, பிள்ளைகளைப் பள்ளி வேனில் ஏற்றி இறக்குவது எல்லாம் அம்மாதான். படுக்கை ஹாலில். கடைசி ஆள் டிவியை நிறுத்தினால்தான் அம்மாவுக்குத் தூக்கம். எழுபது வயதில் சம்பளமில்லாத வேலைக்காரி என்று நான் சொன்னால் அண்ணனுக்குக் கோபம் வரும். வரட்டும். போன வருஷம் கண் ஆபரேஷன் செய்துகொண்டு எங்கள் வாடகை வீட்டில் வந்து தங்கினாள். கண் முழுசாக ஆறுவதற்குள், பிள்ளைகள் பாட்டியைத் தேடுகிறார்கள் என்று அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

புது வீட்டில் பின்னறை அம்மாவுக்கு என்று முடிவு செய்தோம். ஹோக் பழைய கட்டில் ஒன்றை வாங்கி வந்து தேய்த்துச் சாயம் அடித்தார். குளியலறையில் அம்மா பிடித்துக்கொள்ள, கடையில் மிஞ்சிக் கிடந்த இரும்புக் குழாயை வளைத்துச் சுவரில் பொருத்தினார். புதுசு வாங்கக் கூடாதா என்று அதற்கும் சண்டை போட்டேன். அம்மாவிடம் கேட்டபோது வருகிறேன் என்றாள். அண்ணனால் நேராக மறுக்க முடியவில்லை. முதலில் பால் காய்ச்சுங்கள், அப்புறம் பார்க்கலாம் என்று இழுத்தான்.

வைகாசி மாதக் கடைசி முகூர்த்தத்தில் வீடு குடிபுகுந்தோம். அம்மா அண்ணன் காரில்தான் வந்தாள். அவள் துணிப்பை அந்தக் காரின் பின்பக்கத்தில் இருந்தது. பை இறங்கினால் அம்மா எனக்கு. இறங்காவிட்டால் பழையபடி லூனாஸ் ஹால்தான். காலையிலிருந்து என் கண் அந்தக் காரையே சுற்றிக்கொண்டிருந்தது.

ஐயர் வருவதற்கு முன்பே ஹோக் தன் வழக்கத்தை முடித்துவிட்டார். அவர்கள் ஆட்கள் புது வீட்டுக்குள் ஒரு முழு அன்னாசிப் பழத்தை வாசலிலிருந்து உருட்டி விடுவார்கள், அதிர்ஷ்டம் உருண்டு உள்ளே வருமாம். உருட்டி முடித்த கையோடு அதைத் துண்டு போட்டு உப்பும் மிளகாயும் தூவி வந்தவர்களுக்குக் கொடுத்தார். சாமி காரியத்திலும் மிச்சம் வைக்காத மனிதர். அரிசிப் பாத்திரம் விளிம்பு வரை நிறைந்திருக்க வேண்டும் என்று அதையும் முந்தின நாளே நிரப்பி வைத்திருந்தார்.

பிறகு நம் சடங்கு. ஹோமம் முடிந்தது, புதுப் பானையில் பசும்பால் ஊற்றி அடுப்பில் ஏற்றினேன். பால் சூடாவதற்குள் தீபாராதனைக்கு வாருங்கள் என்று ஐயர் ஹாலிலிருந்து கூப்பிட்டார். அவசரத்தில் ஹோக்கிடம், பாலைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு ஓடினேன். இது நான் சொன்னது. அவர் செய்தது, பாலைப் பார்த்துக்கொண்டது.

ஏழு வருஷம் குடும்பம் நடத்தியவருக்கு இதுகூடத் தெரியாதா என்று கேட்பீர்கள். எப்படித் தெரியும்? பதிவுக் கல்யாணம் செய்துகொண்டு, வாடகை அறையில் சூட்கேசோடு குடியேறியவர்கள் நாங்கள். அங்கே யார் பால் காய்ச்சினார்கள்? அண்ணன் வீட்டுப் பொங்கலுக்கு எங்களை ஒரு தடவைகூட அழைத்ததில்லை. என் வீட்டுப் பொங்கலோ, காலை ஷிப்டுக்குப் போகிற அவசரத்தில் ரைஸ் குக்கரில் வைத்தது. பால் பொங்கி வழிவதற்காகவே அதை அடுப்பில் வைப்போம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

ஆரத்தியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எல்லாரும் சமையலறைக்கு விரைந்தோம். பால் சரியாக அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. வெள்ளை நுரை பானையின் கழுத்தைத் தாண்டி விளிம்புக்கு வந்துவிட்டது. அத்தனை பேர் ஓடி வருவதைப் பார்த்த ஹோக், பால் சிந்திவிடப் போகிறதென்று பயந்துதான் ஓடி வருகிறோம் என்று நினைத்துவிட்டார். படாரென்று அடுப்பைத் திருகி அணைத்தார். போதாததற்குக் குனிந்து நுரையை ஊதினார். பால் அப்படியே இறங்கிப் போயிற்று. ஒரு சொட்டு வெளியே வரவில்லை. பாஸ் செய்த பிள்ளை மாதிரி எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

குலவை போட வாயைக் குவித்த என் சின்னம்மா குவித்த வாயோடு நின்றாள். நவமணி அண்ணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பானையைத் தூக்கி அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். உண்மையாகத்தான் சொல்கிறேன்.

ஐயர் நல்ல மனிதர். திரும்பப் பற்றவைத்தால் பொங்கிவிடும், தோஷமெல்லாம் இல்லை என்றார். பீடோங்கில் அவருக்கு இன்னொரு வீட்டுச் சடங்கு இருந்தது, தட்சணையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அண்ணன்தான் அசையவில்லை. அடங்கின பால் அடங்கினதுதான், வாசல் வரை வந்த லட்சுமியைக் கதவைச் சாத்தி அனுப்பியாயிற்று என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். அப்புறம் என்னிடம் திரும்பினான்.

"அம்மா எங்ககூடவே வரட்டும், மலரு. ஆனி, ஆடி போவட்டும். வேற நல்ல நாள் பாத்து நீ மறுபடி செய், அப்புறம் பேசிக்கலாம்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவன் முகத்தில் பயமும் இல்லை, வருத்தமும் இல்லை. நிம்மதி இருந்தது. அன்று ராத்திரி ஷிப்டுக்குப் பிள்ளைகளை யாரிடம் விடுவது என்று காலையிலிருந்து முணுமுணுத்துக்கொண்டிருந்த அண்ணி முகத்திலும் அதே நிம்மதி. என் வீட்டில் ஏதாவது ஒன்று சறுக்காதா என்று காத்திருந்திருக்கிறார்கள். அதை என் புருஷனே அவர்கள் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

என்ன ஆயிற்று என்று ஹோக் என் கையைப் பிடித்துக் கேட்டார். மலாயில் சொன்னேன். பால் வழியத்தான் வேண்டும், வழியாததால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்றேன். மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது. அடுப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பாசாங் பாலிக், மலர். தும்பா செமுவா பூன் தாப்பா லா."

திரும்பப் பற்றவைக்கச் சொல்கிறார். எல்லாப் பாலும் வழிந்து கொட்டினாலும் பரவாயில்லையாம். ஒரு பருக்கைச் சோற்றை நான் தொட்டியில் விட்டால் விரலால் எடுத்துக் காட்டும் மனிதர், முழுப் பானையையும் கொட்டச் சொல்கிறார். அடுப்பின் திருகில் கை வைத்தேன். வைத்த கையை எடுத்துவிட்டேன். இவர்கள் மிரட்டுகிறார்கள் என்று திரும்பப் பொங்க வைத்தால், என் வீட்டில் குறை இருக்கிறது என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகும். எதற்குப் போட வேண்டும்?

"நான் பத்த வைக்கலண்ணே," என்றேன். "பானை நெறைய பால் இருக்கு. என் வீட்டுக்காரரு சிந்தாம புடிச்சு வச்சிருக்காரு. வழிஞ்சாதான் உள்ள வருவேன்னு லட்சுமி சொன்னா, வெளியவே நிக்கட்டும். அம்மா இங்கதான் இருப்பாங்க."

வாயைக் கழுவுடி என்று சின்னம்மா அதட்டினாள். நான் கழுவவில்லை. அண்ணனுக்கு ஏறிவிட்டது. நாளைக்கு அம்மாவுக்கு ஒன்று என்றால் யார் பதில் சொல்வது, இந்தச் சீனனா என்று கேட்டான். என் வீட்டில் நின்றுகொண்டு, அவர் வெட்டிக் கொடுத்த அன்னாசியைத் தின்ற வாயால் கேட்டான். ஆமாம், இந்தச் சீனன்தான் பதில் சொல்வார் என்றேன். அம்மாவுக்கென்று ஒரு கட்டில் இத்தனை வருஷத்தில் நீ வாங்கிப் போட்டாயா என்று கேட்டேன். ஆனாலும் அவன் விடவில்லை.

"கட்டில் என்ன பெரிய கட்டில்? எங்க வீட்டுல சோத்துக்குக் கொறச்சலா? சட்டி நெறைய ஆக்குறோம், மிஞ்சினதத் தெனம் கொட்டுறோம். இங்க வந்து எங்கம்மா அளந்து திங்கணுமா?"

அம்மா அதுவரை சமையலறை வாசல்படிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பால் அடங்கியதைப் பார்த்து அவளும் பயந்துதான் போயிருந்தாள், கை சேலைத் தலைப்பைப் பிசைந்துகொண்டே இருந்தது. அவள் பேசுவாள் என்று நான் நினைக்கவில்லை.

"ஆமாய்யா, இங்க அளந்துதான் ஆக்குவாங்க," என்றாள். "கண்ணு ஆபரேசன் பண்ணிக்கிட்டு வந்து இருந்தேன்ல, அப்ப பாத்தேன். இந்தத் தம்பி அரிசி அளக்கையில எனக்குன்னு ஒரு டின்னு சேத்துப் போடும். ஒரு வேள தவறினதில்ல."

அண்ணன் ஏதோ சொல்ல வந்தான். அம்மா நிறுத்தவில்லை. குரலும் உயரவில்லை.

"ஒங்க வீட்டுல அளக்குறதில்ல. எல்லாரும் தின்னு எந்திரிச்ச பெறகு சட்டியில இருந்தா எனக்குச் சோறு. பிள்ளைங்க பசியில கூட ரெண்டு வாய் தின்னுட்டா, அன்னிக்கு எனக்குப் பாலில்லாத வரக்கோப்பிதான். நான் கேட்டதில்ல. நீங்களும் கேட்டதில்ல. பைய எறக்கிட்டு வா, நடராஜா."

நவமணி அண்ணி தரையைப் பார்த்தாள். அண்ணன் சாவியை எடுத்துக்கொண்டு காருக்குப் போனான். அம்மா என்ன சொன்னாள் என்று ஹோக் என்னிடம் கேட்டார். அப்புறம் சொல்கிறேன் என்றேன்.

அண்ணன் பையைக் கொண்டு வந்தான். உள்ளே வரவில்லை, வாசலுக்கு வெளியிலேயே நின்று நீட்டினான். நான் போய் வாங்கிக்கொண்டேன். பதினோரு வருஷம் அண்ணன் வீட்டில் இருந்துவிட்டு வருகிறவளின் பை, கையில் கனமே தெரியவில்லை.