ஆபரேஷனுக்கு முன்பே வந்த மீன்

குளியலறைக் கதவைத் திறந்ததும் வாளிக்குள்ளிருந்து ஏதோ துள்ளி என் காலில் விழுந்தது. நான் போட்ட கூச்சல் புக்கிட் செலம்பாவ் முச்சந்தி வரைக்கும் கேட்டிருக்கும். நல்ல தடித்த ஹாருவான், அதாவது விரால் மீன். இன்னொன்று வாளிக்குள் கிடந்து, மூடியாக வைத்திருந்த தட்டை முட்டிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் சுகுமாரன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்து, துள்ளியதைப் பிடித்து மறுபடி வாளியில் போட்டார். முகத்தில் அப்படியொரு சந்தோஷம். எங்கள் மளிகைக் கடையில் தீபாவளி வியாபாரம் அமோகமாக நடந்த வருஷத்தில்கூட நான் அதைப் பார்த்ததில்லை.

"பழனியாண்டிகிட்ட சொல்லி வச்சேன் பிரேமா. ஆத்து மீனு. வாரா வாரம் கொண்டாந்து குடுப்பான். ஆபரேஷனுக்கு முன்னாடியே சாப்ட ஆரம்பிச்சிட்டா புண்ணு சட்டுனு ஆறிடும்லா."

எங்கள் பக்கத்தில் ஹாருவானை ஆசைக்கு வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் குறைவு. பிள்ளை பெற்ற வீட்டிலும் ஆபரேஷன் நடந்த வீட்டிலும்தான் அது சூப்பாகும். தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லோருக்கும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே கருத்து. ஆகவே மீன்காரன் பழனியாண்டியின் மோட்டார் சைக்கிள் ஒரு வாசலில் நின்றால், அந்த வீட்டில் யார் உடம்பிலோ கத்தி பட்டிருக்கிறது, அல்லது படப் போகிறது என்று தெருவுக்கே தெரிந்துவிடும். நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்து ஊர்க்கதை கேட்கிற மனிதருக்கு இது தெரியாதா? தெரியும். சந்தோஷத்தில் மறந்துவிட்டார். ஆபரேஷன் செய்துகொள்வதா வேண்டாமா என்றே இன்னும் முடிவாகவில்லை. செவ்வாய்க்கிழமை என்னையும் அழைத்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் பினாங்கு டாக்டர், அவ்வளவுதான்.

"என்ன ஆபரேஷன்னு அவன்கிட்ட சொன்னீங்களா?"

"சேச்சே! ஆபரேஷன் இருக்குன்னு மட்டும் சொன்னேன். யாருக்குன்னு கேட்டான். சிரிச்சிட்டு வந்துட்டேன்."

சிரித்துவிட்டு வந்தாராம். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்த ஆபரேஷனைப் பற்றி அவர் முதன்முதலில் சொன்ன அன்று நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். இனிப்புநீர், அதுதான் சர்க்கரை வியாதி, அவர் உடம்புக்குள் குடிவந்து பல வருஷமாகிறது. முதலில் கண்ணைக் கொஞ்சம் மங்கவைத்தது, பிறகு பாதத்தை மரக்கச் செய்தது, கடைசியில் ஆண்மையையும் அடக்கிப்போட்டது. அதற்குப் போட்ட மாத்திரை கொஞ்ச நாள் கேட்டது, பிறகு கேட்கவில்லை. ஊசியை அவரே பாதியில் விட்டுவிட்டார். அதற்குமேல் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. பேச்சு மட்டுமா? பக்கத்தில் உட்காருவது, போகிற போக்கில் தோளைத் தொடுவது எல்லாம் போயிற்று. நான் தூங்கிய பிறகுதான் கடைக் கணக்கை மூடிவிட்டு உள்ளே வருவார். கதவு சத்தம் கேட்டதும் நானும் தூங்கியதுபோல் கிடப்பேன். எனக்கு அவர் மேல் கோபம், அழுகை, எல்லாம் இருந்தது. யாரிடம் போய்ச் சொல்வது?

அப்படி இருந்தவர் அன்று பினாங்கிலிருந்து வந்து சட்டையைக்கூட மாற்றாமல் என் எதிரே தரையில் உட்கார்ந்தார். உறுப்புக்குள் இரண்டு குழாய் வைப்பார்களாம். அடிவயிற்றில் ஒரு தண்ணீர்ப் பை. விதைப்பைக்குள் ஒரு சின்னப் பம்ப். அதை அமுக்க அமுக்கத் தண்ணீர் குழாய்க்குள் ஏறும், முடிந்த பிறகு ஒரு பொத்தானை அழுத்தினால் இறங்கிவிடும். எல்லாமே தோலுக்குள், வெளியே ஒன்றும் தெரியாதாம்.

"சைக்கிளுக்குக் காத்தடிக்கிற மாதிரியா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவளுக்கு நிறுத்த முடியவில்லை. அவரும் சிரித்தார். கீரை தரையெல்லாம் சிதறியது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து எத்தனை காலமாயிற்று!

நல்லதை ஒரே மூச்சில் சொன்னவரிடமிருந்து கெட்டதைப் பிடுங்குவதற்கு எனக்கு ஒரு வாரம் பிடித்தது. சோறு போடும்போது ஒன்று, ரோட்டில் காடி ஓட்டும்போது ஒன்று என்று கறந்தேன். கிருமி தொற்றிவிட்டால் வைத்ததையெல்லாம் வெளியே எடுத்துவிட வேண்டும். சீனி அடங்காத உடம்புக்கு அந்த ஆபத்து கூடுதல். எல்லாம் நன்றாக அமைந்தாலும் பத்துப் பதினைந்து வருஷத்தில் அது பழுதாகலாம், அப்போது மறுபடி கத்தி. எல்லாவற்றுக்கும் மேல், ஒருமுறை வைத்துவிட்டால் தானாக வருகிற கொஞ்சநஞ்சமும் போய்விடும். பிடிக்கவில்லை, பழையபடி ஆக்கிக்கொடுங்கள் என்று கேட்க முடியாது. இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

என் அண்ணன் தேவனுக்கும் இனிப்புநீர்தான். காலில் ஆணி குத்தியதை ஒரு பொருட்டாகவே அவர் நினைக்கவில்லை. இன்றைக்கு அவருக்கு முழங்காலுக்குக் கீழே கால் இல்லை. எனக்குப் பயம் வராமல் என்ன செய்யும்?

ஆனால் பயம் ஒரு பக்கம் இருக்க, எனக்குள் ஒரு குறுகுறுப்பும் ஓடிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் விடியற்காலையில் நடக்கப் போனார். பாலும் சீனியும் தூக்கலான தே தாரிக்கை விட்டுவிட்டுச் சீனியில்லாத தேத்தண்ணீர் குடித்தார். மீசைக்கு மை பூசினார். நான் மட்டும் சும்மாவா இருந்தேன்? சுங்கைப்பட்டாணி டவுனுக்குப் போனவள், ஐம்பத்திரண்டு வயதில் நைட்டிக்கு நிறம் பார்த்து நின்றேன். வாங்கி வந்ததை அலமாரியில் பழைய சேலைகளுக்கு அடியில் ஒளித்தும் வைத்தேன்.

மீன் வந்த அன்று மத்தியானமே பக்கத்து வரிசை வீட்டு சந்திரிகா அக்கா இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கையில் பெரிய மைலோ சத்துபான டின். கடைக்குள் நுழைந்ததும் என்னைக் கட்டிக்கொண்டாள்.

"ஏன்டி பிரேமா, எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? கர்ப்பப்பையா?"

வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரின் கை அப்படியே நின்றது. இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி அவர் பக்கம்தான் திரும்பும். "ஆமாக்கா" என்றேன். இல்லாத நோய்க்கு மைலோவையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

"எடுத்துப் போட்டுட்டு நிம்மதியா இரு. இந்த வயசுல நமக்கு அதெல்லாம் என்னாத்துக்குலா? புருஷன் பொஞ்சாதின்னா இனிமே கோயிலுக்குப் போனமா, பேரப்புள்ளைங்களப் பாத்தமான்னு கெடக்க வேண்டியதுதான்."

மற்ற இரண்டு பேரும் பலமாகத் தலையாட்டினார்கள். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். யார் இவளிடம் கேட்டார்கள்? 'எனக்கு வேணும்க்கா' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மென்று விழுங்கினேன். விழுங்கிய பிறகுதான் நான் சொல்லப் போனது என்னவென்று எனக்கே உறைத்தது. உடம்பெல்லாம் சூடாகிவிட்டது.

கடை சாத்தியதும் அவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்காக நீ நோயாளியாயிட்ட."

"அது கெடக்கட்டும். ஒங்களுக்குப் பயமே இல்லியா? அண்ணன் கால மறந்துட்டீங்களா?"

"பயமில்லாம என்னா? நடக்கப் போறப்பல்லாம் அதே நெனப்புதான்." கடைச் சாவியைக் கீழே வைத்தார். "ஆனா இத்தன வருஷம் வேற ஒரு பயத்தோட இருந்துட்டேன் பிரேமா. ஒன்னத் தொட்டா நீ எதிர்பார்ப்பியோன்னு பயம். அதனால தொடவே இல்ல."

"தொட்டா மட்டும் போதும்னு நான் சொல்லியிருப்பேன்ல?"

"ஒனக்குப் போதும்னு நீ சொல்லுவ. எனக்குப் போதல."

இவ்வளவு வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய மிக நீளமான உண்மை அதுதான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறுநாள் ஹாருவான் சூப்பை ஆளுக்கொரு கிண்ணம் குடித்தோம். நோயாளி நான் என்று ஊர் முடிவுசெய்துவிட்டதால் எனக்குத்தான் பெரிய துண்டு.

செவ்வாய்க்கிழமை பினாங்கில் டாக்டர் இஸ்ஸத் என் வீட்டுக்காரரின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார். வயதில் எங்கள் மகனைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருப்பார். சீனி இறங்கியிருக்கிறது, ஆனால் போதாது என்று மலாயில் நிதானமாகச் சொன்னார். இன்னும் மூன்று மாதம் இப்படியே கட்டுப்படுத்திக்கொண்டு வந்தால் நாள் குறிக்கலாம், அதற்கு முன்னால் கத்தியைத் தொடமாட்டேன் என்றார். நான் கிருமியைப் பற்றிக் கேட்டேன். பழுதாவதைப் பற்றிக் கேட்டேன். திரும்ப முடியாது என்பது உண்மையா என்று கேட்டேன். உண்மைதான் என்றார். எதையும் மூடி மறைக்கவில்லை. என் வீட்டுக்காரர் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பையனைப்போல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாதிப் பேர் மனைவியை அழைத்து வருவதே இல்லை" என்றார் டாக்டர், என்னை மரியாதையாகப் புவான் என்று விளித்து. "மூன்று மாதம் நீங்களும் யோசிக்கலாம். ஆனால் இன்றைக்கு என்ன தோன்றுகிறது? புவான், உங்களுக்கு இது வேண்டுமா?"

கல்யாணமான நாளிலிருந்து இந்த விஷயத்தில் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. வாயைத் திறந்தேன். மலாயிலும் வரவில்லை, தமிழிலும் வரவில்லை. டாக்டர் என்ன நினைத்தாரோ, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மாதிரியை எடுத்து என் கையில் வைத்தார். இரண்டு வெள்ளைக் குழாய், ஒரு பை, ஒரு குட்டிப் பம்ப். மெத்தென்று, கனமே இல்லாமல் இருந்தது. இதற்காகவா இத்தனை தூக்கம் கெட்டது?

பம்பை அமுக்கினேன். விரலுக்கு அடங்காமல் வழுக்கியது. இன்னும் கொஞ்சம் பலமாக அமுக்கினேன். குழாய் இரண்டும் மெதுவாக நிமிர ஆரம்பித்தன. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அந்தச் சத்தத்தில் தலையைத் தூக்கி, முதலில் என் கையையும் பிறகு என் முகத்தையும் பார்த்தார். அப்புறம் டாக்டர் எதிரிலேயே, கூச்சப்படாமல், தன் கையை என் கைமேல் வைத்தார். அவர் உள்ளங்கை வியர்த்திருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து அமுக்கினோம்.

"போதும் புவான், நிறைந்துவிட்டது" என்றார் டாக்டர்.

எங்கள் கைகள் இன்னும் அமுக்கிக்கொண்டிருந்தன.