முகம் நீக்கிய படம்

என் தலையில் யாரும் மிளகாய் அரைக்க முடியாது என்று பெருமையடித்துக்கொண்டிருந்தவள் நான். பதினாறு வருடமாக ஸ்கேன் அறையில் வேலை. உள்ளே படுத்திருப்பவர் பெருவிரலை அசைத்தாலும் திரையைப் பார்த்தே சொல்லிவிடுவேன். கடைசியில் அரைத்தவன் யார்? கூடப்பிறந்த அண்ணன்.

அண்ணன் இன்ஜினியர். அவன் கண்டுபிடித்தது ஒரு கையுறை. ஸ்கேனுக்குள் இரும்பு போகக்கூடாது என்பதால் அதில் வெறும் ரப்பர் குழாய்கள்தான். காற்று வந்து உள்ளங்கையைத் தட்டும். தட்டும்போது மூளையில் ஓரிடம் திரையில் சிவந்தால், நினைவிழந்து கிடப்பவருக்கும் தொடுவது தெரிகிறது என்று அர்த்தம்.

முதலில் படுத்தது நான்தான். "ஓசியில ஒரு மூளை கிடைச்சுது" என்று சிரித்தான். அன்று என் மூளையின் பின்பக்கம் பட்டாணி அளவில் ஒரு நீர்க்கட்டி தெரிந்தது. பிறவியிலேயே இருப்பது, ஒன்றும் செய்யாது என்றார் டாக்டர்.

அதே மாதம் அம்மா பக்கவாதத்தில் விழுந்தாள். கண்ணே திறக்கவில்லை. மூன்றாம் மாதம் வார்டு டாக்டர், "குழாயில உணவு குடுக்கிறதை நிறுத்திடலாம்மா. நிம்மதியா போகட்டும்" என்றார். என் கையெழுத்து வேண்டும். பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். அண்ணன் ஒரு படத்தோடு ஓடிவந்தான்.

"நேத்து நீ வீட்டுக்குப் போயிருந்தப்ப அம்மாவை ஸ்கேன் பண்ணேன். பாரு, கையைத் தொட்டா தெரியுது!"

சிவப்பாக ஒரு புள்ளி. அழுதுகொண்டே, கையெழுத்துக்கு வைத்திருந்த தாளைக் கிழித்துப்போட்டேன். அம்மா இன்னும் ஐந்து மாதம் இருந்தாள். முதுகெல்லாம் படுக்கைப் புண், எலும்பு தெரிந்தது. கையைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் பொறுத்துக்கோம்மா" என்பேன். பிறகு போய்விட்டாள்.

நேற்று அண்ணன், கையுறையை வாங்க வருகிறவர்களுக்குக் காட்டப் படங்களை எடுத்துவைக்கச் சொன்னான். வெளியாருக்குக் காட்டும் படங்களில் முகத்தை நீக்கிவிடுவது எங்கள் வழக்கம். தலையை ஸ்கேன் செய்தால் முக வடிவமும் விழும்; ஆள் அடையாளம் தெரியக்கூடாது. அம்மாவின் படம் என்று அவன் கொடுத்ததை அடுக்கு அடுக்காகத் தள்ளிப் பார்த்தேன். பின்பக்கத்தில் அதே பட்டாணி, என் நீர்க்கட்டி.

பாவி! அன்று என்னிடம் காட்டியது ஒரே ஒரு அடுக்குதான். முகத்தை வெட்டியவனுக்கு அந்தக் கட்டி ஞாபகமே வரவில்லை.

"இது யாரு?"

"அம்மா."

"என் கண்ணைப் பார்த்துச் சொல்லு."

அவன் பார்க்கவில்லை.

"அம்மாவோட படம் எங்கடா?" வாழ்நாளில் முதல் தடவையாக அவனை 'டா' போட்டேன்.

"எடுக்கல. எடுத்து ஒண்ணும் வரலேன்னா நீ கையெழுத்துப் போட்டிருப்பே. அம்மா இருக்கணும்னுதான்..."

"அப்ப கையுறையை விக்கிறதுக்கு இதை ஏன் காட்டுறே?"

நம்பவைத்துக் கழுத்தை அறுப்பது என்றால் இதுதான்.

"விடு. அம்மாவுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது" என்றான் சமாதானமாக.

"தெரிஞ்சிருந்தா? நான் தொட்டது தெரிஞ்சிருந்தா அந்தப் புண்ணும் தெரிஞ்சிருக்கும்டா. அஞ்சு மாசம்!"

அம்மா போய் நாலு மாதமாகிறது. இனி எதையும் படம் எடுத்துப் பார்க்க முடியாது.